வரவு மட்டும் எழுதியவனின் மடல்

இயக்குநர் அவர்களுக்கு,
அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, வண்டலூர்.



முப்பத்தோரு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் இரவு ஷிப்ட். உங்கள் பூங்காவைப் பற்றி வந்த செய்திகளில் நூற்றுக்கு மேல் என் கைபட்டு அச்சுக்குப் போயிருக்கும். எனவே இந்த மடலில் பாதியை ஒரு பார்வையாளன் எழுதியதாகவும், மீதியைக் குற்றத்தில் பங்குள்ள ஒருவன் எழுதியதாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டலூர் செய்தி வந்தால் டெஸ்கில் எல்லாருக்கும் சந்தோஷம். விபத்து, கொலை, மின்வெட்டு என்று நிரம்பிய பக்கத்தில் வாசகர் சிரித்த முகத்தோடு படிக்க அது ஒன்றுதான் கிடைக்கும். ‘வண்டலூருக்குப் புதுவரவு’ என்ற தலைப்பை எத்தனை முறை போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வருகிற ஊரும் விலங்கும்தான் மாறும். கோடை பிறந்தால் கரடிக்குப் பனிக்கட்டியில் உறைய வைத்த பழம், யானைக்கு ஷவர் குளியல். ஒரு மே மாதம் அவசரத்தில் முந்தைய வருடத்துக் கரடிப் படத்தையே மறுபடி போட்டுவிட்டோம். வாசகர் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கரடியும் ஆட்சேபிக்கவில்லை.

அப்படி வந்த விலங்கு நாலைந்து வருடம் கழித்து இறந்தால், ஒற்றைப் பத்தியில் எட்டு வரி. கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டால் அந்த எட்டு வரியும் பறந்துவிடும். நடுவில் அது எப்படி இருந்தது, புது இடத்தில் சாப்பிட்டதா, ஜோடி சேர்ந்ததா, குட்டி தங்கியதா, எதையும் நாங்கள் கேட்டதில்லை. வரவு எழுதினோம், இருப்பும் செலவும் எழுதவில்லை. எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் இப்படிக் கணக்கு எழுதியிருந்தால் ஒரு மாதத்தில் கடையை மூடியிருப்பார்.

2019 பிப்ரவரி 2ஆம் தேதியைச் சொல்கிறேன். பாங்காக்கிலிருந்து சென்னையில் வந்திறங்கிய பயணி ஒருவரின் சாமான்களுக்குள் முனகல் சத்தம். சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தால் ஒரு மாதச் சிறுத்தைக் குட்டி, எடை 1.1 கிலோ. புட்டிப்பால் கொடுத்து உங்களிடம் அனுப்பிவைத்தார்கள். மறுநாள் நாடு முழுக்க அதுதான் பேச்சு. நாங்களும் படத்தைப் பெரிதாகப் போட்டோம். கேப்ஷன் நான் எழுதியது. அதற்குப் பிறகு அந்தக் குட்டியைப் பற்றி ஒரு வரி நான் வாங்கிப் போடவில்லை, நிருபரைக் கூப்பிட்டு ‘அது என்ன ஆச்சுப்பா’ என்றுகூடக் கேட்கவில்லை. எப்படி இருக்கிறது அது? கேட்க வேண்டிய நாளில் கேட்காதவன் இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

(இந்தச் சிறுத்தை விஷயத்தில் இன்னொரு பாவமும் உண்டு. மரத்தில் ஏறுகிற சிறுத்தைக்கும் கண்ணீர்க் கோடு போட்ட சிவிங்கிக்கும் பல வருடம் ஒரே பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகள் கூனோ தேசியப் பூங்காவில் வந்திறங்கிய பிறகுதான் தமிழில் அதற்கென்று ஒரு சொல் இருப்பது டெஸ்குக்கு ஞாபகம் வந்தது. கூனோவில் அதன் பிறகு நடந்த ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் செய்தியானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருப்பு எழுத நமக்குத் தெரியாது என்றில்லை.)

புதுவரவுக்கு ஊர் திரள்வது நம் காலத்துப் பழக்கம் அல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: கூட்டம் வருவது கல்லையும் எலும்பையும் பார்க்க அல்ல, அங்கே உயிரோடு இருந்த விலங்குகளைப் பார்க்க. ஆற்காட்டு நவாபிடம் பேசி அவர் வளர்த்த விலங்குகளை வாங்கிச் சேர்த்து, 1855இல் அங்கேயே ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். ஒரே வருடத்தில் முந்நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் சேர்ந்துவிட்டன. பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், நூறு வருடத்துக்கு மேல் அங்கே இருந்தது; மூர் மார்க்கெட் அதன் அண்டை வீடு. சென்னைக்காரன் அருங்காட்சியகத்துக்கு ‘செத்த காலேஜ்’ என்றும், விலங்குக் காட்சிசாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்றும் பெயர் வைத்தது இப்படித்தான். ஒன்றின் வயிற்றில் மற்றது பிறந்தது என்று தெரியாமலே சரியாக வைத்திருக்கிறான்.

1985 மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. அதே வருடம் ஜூலை 24ஆம் தேதி வண்டலூரில் உங்கள் பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். பழைய இடத்தில் கம்பிக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்த புலியைச் சிறுவனாகப் பார்த்தவன் நான். வண்டலூரில் அகழிக்கு அந்தப் பக்கம், புதருக்குள் படுத்திருந்த புலியை முதல்முறை பார்த்தபோது, பார்த்தேன் என்று சொல்வதா, பார்க்கவில்லை என்று சொல்வதா என்று தெரியவில்லை. வால் நுனி மட்டும் தெரிந்தது. கூட வந்த மைத்துனர் காசு தண்டம் என்றார். எனக்கு அந்த வால் நுனி பிடித்திருந்தது.

சரி, கணக்குக்கு வருகிறேன்.

அட்டவணையில் உள்ள ஒரு விலங்கை எந்தப் பூங்காவும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் வாங்கவோ கொடுக்கவோ முடியாது. 1972ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வந்த விலங்கை நேரே கொண்டுபோய்க் கூட்டத்தின் முன்னால் விடுவதும் இல்லை. தனிக் கொட்டகையில் வைத்து, சாணம் பார்த்து, ரத்தம் பார்த்து, தீனி பழக்கி, அதன் பிறகுதான். வருடத்துக்கு ஒருமுறை ஆணையத்துக்குப் போகிற விலங்கு இருப்புப் பட்டியலை ஓய்வு பெற்ற பிறகுதான் நான் உட்கார்ந்து பார்த்தேன். தொடக்க இருப்பு, பிறப்பு, வரவு, கொடுத்தது, இறப்பு, இறுதி இருப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் ஆண், பெண், பால் தெரியாதது என்று மூன்று எண்கள், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. முப்பத்தோரு வருடமாக நான் எழுதத் தவறிய செய்தியெல்லாம் அந்த ஆறு கட்டங்களுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அது இங்கிலீஷில் இருக்கிறது, டெல்லிக்குப் போகிறது. 200 ரூபாய் டிக்கெட் எடுத்துக்கொண்டு குழந்தையைத் தோளில் தூக்கி வருகிறவர் அதைப் பார்க்கப்போவதில்லை.

அந்தப் பட்டியலைத் தமிழில், பெரிய பலகையில், டிக்கெட் வரிசை நிற்கிற இடத்திலேயே வையுங்கள். நான் கேட்க வந்தது இவ்வளவுதான். வரிசையில் நிற்கிறவனுக்கு எப்படியும் படிக்க ஏதாவது வேண்டும். காணும் பொங்கல் அன்று கேட்கவே வேண்டாம். சினிமாப் போஸ்டர் இருந்தால் அதைப் படிப்பான், இருப்புப் பட்டியல் இருந்தால் இதைப் படிப்பான். ‘இந்த மாதம்: புள்ளிமான் பிறப்பு இத்தனை. இறப்பு இத்தனை. மருத்துவமனையில் ஒரு மலைப்பாம்பு.’ வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். முடிந்தால் இறப்புக்குப் பக்கத்தில் காரணம். ‘வயது முதிர்வு’ என்பதும் காரணம்தான்.

நீங்கள் தயங்குவீர்கள், தெரியும். இறப்பை எழுதி வைத்தால் மறுநாளே யாராவது ‘பூங்காவில் தொடரும் மரணங்கள்’ என்று தலைப்புப் போடுவார்கள். நியாயமான பயம். பணியில் இருந்திருந்தால் நானே போட்டிருப்பேன். ஆனால் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்கிறேன்: கசிந்து வருகிற சாவுக்குத்தான் அப்படித் தலைப்பு விழும். நிர்வாகம் தானே நேரம் வைத்துச் சொல்கிறதை நிருபர் பெரிதாக்கப் பார்த்தாலும் டெஸ்க் சுருக்கிவிடும். காலைப் பேப்பரில் இரங்கல் விளம்பரப் பக்கத்தைப் பார்த்து யாராவது பதறுகிறார்களா? தினமும் வருகிறது, அதனால் அமைதியாகப் படிக்கிறார்கள். தெரிந்த முகமா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

இதற்கு முன்னுதாரணம் உங்கள் பூங்காவிலேயே இருக்கிறது. 2021 ஜூன். ஊரே கதவை அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. ஜூன் 3ஆம் தேதி நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. 16ஆம் தேதி பத்மநாதன், வயது பன்னிரண்டு. மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்குப் போயின. டெல்டா வகை வைரஸ் என்று வந்ததையும் பூங்காவே அறிவித்தது. எத்தனை சிங்கங்களுக்குத் தொற்று, எது தேறுகிறது, எது சாப்பிட மறுக்கிறது என்று அடுத்தடுத்துத் தகவல் வந்தது. அந்த இரண்டு வாரம் டெஸ்கில் எல்லாருக்கும் சிங்கங்களைப் பெயர் சொல்லித் தெரிந்திருந்தது. சொந்த வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்துகொண்டிருந்த ஒரு பக்க வடிவமைப்பாளர், ராத்திரி ஒரு மணிக்கு வந்து ‘சிங்கம் எப்படி சார் இருக்கு’ என்று கேட்டார். யாரும் பூங்காவைத் திட்டவில்லை. ஒளிக்காமல் சொன்னதால்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, ‘அரிய விலங்கு’ என்ற சொல். இதில் எங்களுக்குத்தான் அடி விழ வேண்டும்.

தலைப்பில் ‘வெள்ளை’ என்று இருந்தால் பாக்ஸ் செய்தி உறுதி. வெள்ளைப்புலி குட்டி போட்டால் முதல் பக்கம். முதலமைச்சர்கள் குட்டிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2018இல் அனு என்ற வெள்ளைப்புலியை நடிகர் சிவகார்த்திகேயன் தத்தெடுத்தபோது சினிமாப் பக்கத்துக்காரரும் மாநகரப் பக்கத்துக்காரரும் அந்தச் செய்திக்குச் சண்டை போட்டார்கள். தத்தெடுத்ததில் ஒரு குறையும் இல்லை, தீனிச் செலவில் பங்கெடுப்பது நல்ல காரியம். ஆனால் வெள்ளைப்புலி தனி இனம் அல்ல என்று நான் ஒரு தடவைகூட அந்த பாக்ஸில் எழுதியதில்லை. அது ஒற்றை மரபணு மாற்றத்தால் மஞ்சள் நிறம் போன வங்கப்புலி. 1951இல் ரேவா மகாராஜா பிடித்த மோகன் என்ற ஆண் குட்டியில் தொடங்குகிறது இந்தப் பரம்பரை. மோகனை அதன் மகள் ராதாவோடே சேர்த்து 1958இல் வெள்ளைக் குட்டிகளை எடுத்தார்கள். அப்படி நெருங்கின உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பெருக்கியதில் மாறுகண் முதலான குறைகளும் கூடவே வந்தன. காட்டுக்குத் திருப்பி அனுப்ப யாரும் இதை வளர்க்கவில்லை. நம் கண்ணுக்காக வளர்க்கிறோம். அழகுதான், மறுக்கவில்லை.

அரியது எது என்றால், சோலைமந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அங்கேயும் மிச்சம் சில ஆயிரம்தான். தாய் ஒரு குட்டி போட்டால் அடுத்ததற்கு இரண்டு மூன்று வருடம் ஆகும். மத்திய ஆணையத்தின் இனப்பெருக்கத் திட்டத்தில் சோலைமந்திக்கு ஒருங்கிணைக்கும் பூங்காவே வண்டலூர்தான். இது நம் ஊருக்கு எவ்வளவு பெரிய விஷயம்! டெஸ்கில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

போன மாதம் ஒரு புதன்கிழமை அவற்றின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். கீப்பர் வைத்துவிட்டுப் போன தட்டிலிருந்து ஒரு பெண் மந்தி வெள்ளரித் துண்டு ஒன்றை எடுத்தது. உடனே தின்னவில்லை. சுண்டுவிரலால் விதைப் பகுதியை மட்டும் வழித்து நக்கியது, தோலை முகர்ந்து பார்த்துத் தள்ளியது, பிறகு கடலையாகப் பொறுக்கிக் கன்னப்பைக்குள் அடைக்க ஆரம்பித்தது. ஒரு கன்னம் மட்டும் உப்பி, வெற்றிலை குதப்புகிற பாட்டி மாதிரி ஆயிற்று. முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போலச் சின்னக் குஞ்சம். பெரிய ஆண் மேலே குறுக்குக் கட்டையில் உட்கார்ந்து எங்களைப் பாராமல் எங்களுக்குப் பின்னால் இருந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முக்கால் மணி நேரத்தில் என்னைத் தாண்டிப் போனவர்கள் ஏராளம். நின்றவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் கேட்டார்: “சார், வெள்ளைப்புலி எந்தப் பக்கம்?” கையைக் காட்டினேன். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அவருக்கு அதைப் பழக்கிவிட்டதே நாங்கள்தான்.

பலகையில் சோலைமந்திக்கு முதல் வரி கொடுங்கள். குட்டி பிறந்தால் வெள்ளைப்புலிக்கு அனுப்புவது போலவே எல்லாப் பத்திரிகைக்கும் படம் அனுப்புங்கள், பெயர் சூட்ட அமைச்சரைக் கூப்பிடுங்கள். கருமந்திக்கும் செந்நாய்க்கும் அப்படியே. அழுங்கு, தேவாங்கு என்று தமிழில் பெயர் இருந்தும் தமிழன் கண்ணால் காணாத உயிர்கள் நிறைய உண்டு. மெலிந்த பிள்ளையைத் தேவாங்கு என்று திட்டுகிறோம். தேவாங்குக்கென்றே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரில் 2022இல் அரசு சரணாலயம் அறிவித்ததைத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

மறுபக்கம், எங்கிருந்தோ வந்த அரியது திருடனுக்கும் அரியதுதான். 2022 பிப்ரவரியில் உங்கள் பூங்காவில் ஒரு ஜோடி அணில் குரங்குகள் கம்பிவலையை அறுத்துத் திருடப்பட்டு, சில நாளில் மீட்கப்பட்டன. தென் அமெரிக்கக் காட்டுக் குரங்குக்குச் சென்னையில் சந்தை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. ‘அரிய’, ‘அபூர்வ’ என்று நாங்கள் போட்ட தலைப்புகளுக்கும் அந்தச் சந்தைக்கும் சம்பந்தமே இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

யாரும் படம் எடுக்காத வரவுகளும் உங்களிடம் உண்டு. சிங்கம், புலி, கரடி, குரங்குகளை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு அறிவித்து, 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து வெளியே வந்த விலங்குகளுக்காக ஏற்பட்ட மீட்பு மையங்களில் வண்டலூரும் ஒன்று. குட்டி போடவும் விடாமல், காட்சிக்கும் வைக்காமல், சாகிற வரை சோறு போட்டுக் காப்பாற்றுவது. இதில் செய்தியே கிடையாது; அதனாலேயே இதை யாரும் எழுதவில்லை. தீ வளையத்துக்குள் தாவுகிற சிங்கத்தைத் தாம்பரம் பக்கம் கூடாரத்தில் கைதட்டிப் பார்த்தவன் நான். அதன் கடைசிக் காலம் எப்படிப் போயிற்று என்று ஒரு வரி படிக்க எனக்கு ஆசை.

உங்கள் பூங்காவுக்குள் இருக்கிற ஓட்டேரி ஏரிக்கு வருகிற பறவைகளும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அனுமதி இல்லை, பரிமாற்றம் இல்லை, தனிக் கொட்டகை இல்லை. தண்ணீர் இருந்தால் வரும், இல்லாவிட்டால் போய்விடும். பலகையின் அடியில் அவற்றுக்கும் ஒரு கட்டம் போடலாம்: ‘அழையா விருந்தாளிகள், இன்று காலை எண்ணியபடி.’

என் வீடு நெடுங்குன்றம் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இரவில், பெருங்களத்தூர் சாலையில் முதலை ஒன்று நடந்து போன வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். காலையில் என் தெருவில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்: வண்டலூரிலிருந்து தப்பித்துவிட்டது! இந்தப் பக்கத்து ஏரிகளில் சதுப்பு முதலைகள் காலாகாலமாக உண்டு என்று வனத்துறை சொல்லியும் பாதிப் பேர் நம்பவில்லை. உங்கள் வாசலில் ‘முதலை: நேற்று இத்தனை, இன்றும் இத்தனை’ என்று ஒரு பலகை இருந்திருந்தால், எதிர்வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருப்பேன்.

விடியற்காலை நாலரை, ஐந்துக்கு மொட்டை மாடியில் நின்றால், காற்று இந்தப் பக்கம் அடிக்கிற நாளில் உங்கள் சிங்கத்தின் குரல் கேட்கும். கர்ஜனை என்று நாங்கள் எழுதுவோமே, அப்படி இல்லை. கனத்த சாமானைத் தரையில் இழுத்து நகர்த்துகிற மாதிரி விட்டு விட்டு வரும். இரவு ஷிப்ட் உடம்பு, அந்த நேரத்துக்கு இன்னும் முழிப்பு வந்துவிடுகிறது. எந்தச் சிங்கம் அது, என்ன வயது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று இப்போதெல்லாம் தோன்றுகிறது.

செவ்வாய் உங்களுக்கு விடுமுறை. புதன்கிழமைகளில் நான் வருவேன். பலகை வைப்பதாக முடிவானால் எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கட்டும், எனக்கு இடது கண்ணில் புரை. தமிழில் பிழை திருத்த ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். சம்பளம் வேண்டாம், டிக்கெட்டை மட்டும் தள்ளுபடி செய்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை ஆசிரியன்,
நெடுங்குன்றம்.